சிகிச்சையே முதற் கடமை

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவு என்பது வெறும் தொழிலன்று. குடும்ப வாழ்க்கையே அதுதான். வீட்டுக் கூடத்தில் தறி நிற்கிறது. புருஷன் தறியில் உட்கார்ந்தால் மனைவி நூல் சுற்றுகிறாள். பெண்ணும் பிள்ளையும் கூடமாட உதவுகிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் ஒருவர் செய்தி அடுத்தவருக்கு எட்டாமலிருப்பதில்லை. இந்த நெருக்கத்தால் நன்மைகள் பல உண்டு. ஒரு வீட்டில் நோய் கண்டால் தெருவே வந்து நிற்கும். ஆனால் அவ்வீட்டுப் பெண்ணை ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இதே நெருக்கம் அவளுக்குச் சிறையாகிவிடுகிறது. வைத்தியசாலைக்குப் போனால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் தங்கையின் கல்யாணம் நிற்கும். தறிக்கு முன்பணம் கொடுத்தவர் முகம் மாறும். ஆகவே அவள் போவதில்லை. போகாத ஒவ்வொரு மணி நேரமும் அவள் உடலுக்கு என்ன செய்கிறது என்பதை நம்மில் அநேகர் அறியமாட்டார்கள். அதைக் குறித்தே இன்று எழுத முற்படுகிறோம்.

இவ்வூரை மட்டும் தனித்துக் குறை கூறுவது நம் கருத்தன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் பதிவான பலாத்கார வழக்குகள் 31,516. இவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றவாளி அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவன்: உறவினன், அண்டை வீட்டான், வேலை கொடுத்தவன், மணப்பதாகச் சொன்னவன். பதிவாகாதவற்றுக்குக் கணக்கில்லை. இத்தகைய குற்றம் நிகழ்ந்த செய்தி வந்தவுடன் நாம் தண்டனையைப் பற்றிப் பேசுகிறோம், தூக்கு வேண்டுமென்கிறோம், போலீஸார் தூங்குகிறார்களென்கிறோம். அடிபட்டவளுக்கு வைத்தியம் நடந்ததா என்று கேட்பவர் மிகச் சிலர். தண்டனை அவசியமே; அதற்கு நியாயஸ்தலம் இருக்கிறது, வருஷங்களும் செல்லும். வைத்தியத்திற்கோ மணிக் கணக்கே உண்டு.

பழைய நாளில் பத்திரிகைகள் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்று எழுதிவந்தன. அச்சொல்லை நாம் இங்கே வேண்டுமென்றே விலக்கியிருக்கிறோம். அழிந்தது பெண்ணின் கற்பு என்று சொல்லும் வார்த்தை, குற்றத்தின் களங்கத்தைக் குற்றவாளியிடமிருந்து எடுத்து அவள்மேல் பூசுகிறது. காலில் வெட்டுப்பட்டவனை யாரும் கெட்டுப்போனவன் என்பதில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பலாத்காரத்துக்கு உள்ளானவளும் காயம்பட்டவளே. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், இக்கட்டுரையில் மேலே சொல்வனவெல்லாம் எளிதில் விளங்கும்.

மணிக் கணக்கு

வைத்திய சாஸ்திரம் இன்று என்ன செய்யவல்லது என்பதைக் கேளுங்கள். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருக்கக்கூடுமெனில், அதைத் தடுக்கும் மருந்து உண்டு. அம்மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தொடங்கி 28 நாட்கள் விடாமல் சாப்பிடவேண்டும். 72 மணி நேரம் கழிந்தபின் தொடங்குவதில் பயனில்லை. வேண்டாத கர்ப்பத்தைத் தடுக்க ஒரு மாத்திரை உண்டு. அதுவும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நிச்சயமாக வேலை செய்யும். ஐந்து நாட்களுக்குப் பிறகு உதவாது. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. மேக நோய்களுக்கு மருந்து உண்டு. காயத்துக்குக் கட்டும், தனுர்வாத ஊசியும் உண்டு. இவற்றில் எதுவும் அபூர்வமான மருந்தன்று, பெருஞ்செலவு பிடிப்பதுமன்று.

இந்நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய ஆராய்ச்சியினால்தான். அக்கண்டுபிடிப்பு நடந்த ராஜ்யத்தில் உள்ள நாம், இந்த மருந்தைப் பற்றித் தெரியாதென்று சொல்வது எப்படித் தகும்?

சாட்சியத்துக்கும் காலம் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, உடலிலிருந்து தடயங்களை எடுக்கக்கூடிய காலம் பெரும்பாலும் 96 மணி நேரம். குளித்துவிட்டாலும் உடை மாற்றிவிட்டாலும் தடயங்கள் குறைந்துபோகும். அதற்காக அவளைக் குளிக்காதே, உண்ணாதே என்று அதட்டி உட்கார வைப்பதும் கொடுமையே. தடயம் எடுக்க அவள் சம்மதிக்கவில்லையானால் எடுக்கலாகாது. ஆனால் சம்மதிக்காத காரணத்தால் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அதே விதிமுறைகள் தெளிவாகச் சொல்லுகின்றன.

காஞ்சியின் கோர்வைப் பட்டை நேயர்கள் அறிவார்கள். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு வேறு நாடா. நிறமும் வேறு வேறு. இரண்டும் இழைக்கிழை பின்னி ஒரே புடவையாகின்றன. ஆயினும் கரை கரையே, உடல் உடலே. வைத்தியமும் வழக்கும் அப்படித்தான் இணைய வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் நடப்பதோ, வழக்கு என்னும் கரை வந்துசேரும் வரையில் வைத்தியம் என்னும் உடலை நெய்யாமல் தறியை நிறுத்திவைப்பதாகும். "போலீஸ் கடிதம் எங்கே?" என்பதே முதற் கேள்வியாக வருகிறது.

சட்டம் சொல்வது

அக்கேள்வியைக் கேட்க எந்த டாக்டருக்கும் அதிகாரமில்லை. விபத்தில் அடிபட்டவனுக்குச் சட்டச் சடங்குகளை எதிர்பாராமல் சிகிச்சை செய்வது டாக்டரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பலாத்காரத்துக்கு உள்ளான பெண்ணைப் பரிசோதிக்கப் போலீஸ் கடிதம் வேண்டுமென்று மறுப்பது தவறு என்பதை, 2000-ஆம் ஆண்டில் கர்நாடக ராஜ்யத்துக்கும் மஞ்சண்ணா என்பவருக்கும் நடந்த வழக்கில் அதே கோர்ட் எடுத்துக்காட்டியது.

2012 டிசம்பர் 16-ஆம் தேதி டில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், ஜஸ்டிஸ் வர்மா கமிட்டியின் அறிக்கையைத் தொடர்ந்து, 2013-இல் சட்டமே திருத்தப்பட்டது. சர்க்கார் வைத்தியசாலையாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், இக்குற்றத்துக்கு உள்ளானவருக்கு உடனே, ஒரு காசு வாங்காமல், சிகிச்சை அளித்தே தீரவேண்டும்; மறுத்தால் அதன் நிர்வாகிக்கு ஓராண்டு வரையில் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்விதிகள் இருக்கின்றன: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு சிகிச்சையைக் கட்டளையிடுகிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவு மறுப்புக்குத் தண்டனை விதிக்கிறது. இந்த இரண்டு எண்களையும் தேசத் தொண்டர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுதல் நலம்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, புகார் பதிவாகாவிட்டாலும் குழந்தையைப் பரிசோதிக்கலாம். பெண் குழந்தையாயின் பெண் டாக்டரே பரிசோதிக்கவேண்டும். தாயோ தந்தையோ, குழந்தை நம்பும் வேறொருவரோ அருகிலிருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு முன் எந்தக் கடிதத்தையும் கேட்கலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. மனைவியைக் கணவன் வதைத்த இடத்திலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வைத்தியசாலையின்மேல் கடமையைச் சுமத்துகிறது. கணவன் செய்வதைக் குற்றச் சட்டம் இன்னும் பலாத்காரமாகக் கொள்ளவில்லை. ஆயினும் அவள் உடல் பட்ட காயம் காயந்தானே? 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பில், கருச்சிதைவு உரிமையைப் பொறுத்தவரை கணவன் செய்யும் பலாத்காரமும் பலாத்காரமே என்று கூறப்பட்டது. பலாத்காரத்தால் கர்ப்பமானவள் 24 வாரம் வரையில் அக்கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளலாமென்று 2021-ஆம் ஆண்டின் திருத்தம் இடந்தருகிறது.

சந்தேகத்தின் பரம்பரை

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் நடைமுறை ஏன் மாறவில்லை? பெண்ணின் உடலைச் சிகிச்சைக்குரியதாகப் பாராமல் சோதனைக்குரியதாகப் பார்ப்பது அந்நிய ஆட்சி நமக்கு விட்டுச்சென்ற பழக்கங்களுள் ஒன்று. 1868-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம் என்ன செய்தது? வெள்ளைச் சிப்பாய்களுக்கு மேக நோய் வராமலிருக்கும்பொருட்டு, ஏழை ஸ்திரீகளைப் பதிவு செய்து, பலவந்தமாகப் பரிசோதித்து, பூட்டிய ஆஸ்பத்திரிகளில் அடைத்தது. சென்னைப் பட்டணத்திலும் அது நடந்தது. 1888-இல் அச்சட்டம் ரத்தாயிற்று. பெண் பொய் சொல்வாள், உடலைத் துருவிப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும் என்ற எண்ணம் மட்டும் ரத்தாகவில்லை.

'இரு விரல் பரிசோதனை' என்னும் அநாகரிகம் அவ்வெண்ணத்தின் குழந்தை. அது எந்த நோயையும் கண்டறிவதில்லை. எந்தக் குற்றத்தையும் நிரூபிப்பதில்லை. அவள் முன்பே ஆண் தொடர்பு உள்ளவளா என்று ஊகிப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த ஊகம் வழக்குக்குச் சம்பந்தமற்றதென்று சட்டமே சொல்லிவிட்டது. 2013-இல் லில்லு வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்தது. 2014-ஆம் ஆண்டின் விதிமுறைகள் தடுத்தன. அதற்குப் பின்னும் நம் ராஜ்யத்தில் அது நடந்துவந்ததைக் கண்டு, 2022 ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, அதை உடனே ஒழிக்கும்படி தமிழ்நாட்டு சர்க்காருக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி, இனி அதைச் செய்யும் டாக்டர் நடத்தைக் குற்றவாளி ஆவார் என்று சுப்ரீம் கோர்ட் எச்சரித்தது. ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்ல நேர்ந்ததே, காகிதத்தில் உள்ள உத்தரவு பரிசோதனை அறைக்கு எவ்வளவு மெதுவாகப் போய்ச்சேருகிறது என்பதற்கு அத்தாட்சி.

வைத்தியமும் விசாரணையும் காலத்தில் கிடைக்காவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தியே உதாரணம். 1992 ஜூன் 20-ஆம் தேதி, தர்மபுரி ஜில்லாவின் அம்மலைக் கிராமத்தில், சந்தன மரம் தேடுவதாகப் புகுந்த வன இலாகாவினரும் போலீஸாரும் ரெவினியூ அதிகாரிகளும் ஜனங்களை அடித்து நொறுக்கினர். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு உள்ளானார்கள். அப்பெண்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய அதிகாரிகளே அவர்களைச் சிறைக்குக் கொண்டுபோயினர். ஹைக்கோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது 1995-இல்தான். 96 மணி நேரத்தில் எடுக்கவேண்டிய தடயத்தை மூன்று வருஷம் கழித்து எங்கே தேடுவது? முடிவில் அப்பெண்களின் வாய்மொழியே அவர்களைக் காத்தது. 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் அதுவரை உயிருடனிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி ஹைக்கோர்ட் அதை உறுதிசெய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முப்பத்தோரு வருஷங்கள்! நியாயம் கிடைத்தது என்று நாம் மகிழலாம். அந்த முதல் மூன்று நாட்களில் கிடைத்திருக்க வேண்டிய மருந்தை எந்த ஹைக்கோர்ட்டாலும் திரும்பக் கொடுக்க முடியாது.

வாசல் திறந்த இடங்கள்

ஸ்திரீகள் வைத்தியசாலைக்கு வராததற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று சொல்வோர் உளர். சென்னையின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதல் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது. ஆண் டாக்டரிடம் செல்லக் கூசி வீட்டிலேயே மடியும் கோஷாப் பெண்களைக் கண்டு மனமுருகியவர் அவர். 1885-இல் அவருடைய முயற்சியால் அப்பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. ஜனங்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லுகிறார்கள். வாசல் தக்கபடி அமைந்தபோது பெண்கள் வந்தார்கள்.

நம் காலத்திலும் அவ்வாறே. பம்பாயில் பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில், நகர சபையும் செஹாத் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து 'திலாசா' என்ற பிரிவை 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கின. வதைக்குள்ளான ஸ்திரீகளிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளே அங்கே பயின்றார்கள். இலங்கையில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இத்தகைய அறைகள் நடைபெறுகின்றன. மலேயாவில், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே, டாக்டர், ஆலோசகர், போலீஸ் எல்லோரும் பெண்ணிருக்குமிடத்துக்கு வரும்படியான ஏற்பாடு 1990-களிலேயே செய்யப்பட்டது. அவளை இடத்துக்கிடம் அலைக்கழிப்பதில்லை. இந்தியாவிலும் 2015 முதல் ஜில்லாதோறும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் ஏற்பட்டுவருகின்றன. 181 என்ற டெலிபோன் எண்ணும் உண்டு. மையம் இருப்பதும், நள்ளிரவில் வரும் பெண்ணுக்கு அது பயன்படுவதும் ஒன்றல்ல.

காஞ்சி செய்யவேண்டியது

இனிக் காஞ்சிக்கு வருவோம். இவ்வூரிலேயே சர்க்கார் தலைமை வைத்தியசாலை இருக்கிறது. 2019 நவம்பரில் ஜில்லா பிரிந்தபோது செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆகவே இந்தத் தலைமை வைத்தியசாலையின்மேல் சுமை அதிகம். அதன் வாசலுக்கு வரக்கூடியவர்கள் நெசவாளர் வீட்டுப் பெண்கள் மட்டுமல்லர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்காக விடுதிகளில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பலர் தமிழ் அறியாதவர். செங்கற் சூளைகளில் உழைக்கும் இருளர் பெண்களுக்கு முதலாளியின் அநுமதியின்றி வெளியே வரவே இயலாத நிலையும் உண்டு. திருநங்கையரும் வருவர், அவர்களைக் கேலி செய்யாமல் சிகிச்சை அளிக்க வேண்டுமென்று 2014-ஆம் ஆண்டின் விதிமுறைகளே கூறுகின்றன.

டாக்டர்களை மட்டும் நோவதில் பயனில்லை. இரவு நேரத்தில் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் விபத்துக் கேஸும் பார்க்கவேண்டும், பாம்புக் கடியும் பார்க்கவேண்டும். பின்னர் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு நடக்கவும் வேண்டும். முறையான பயிற்சியில்லாதவர் தயங்குவது இயல்பே. ஆகையால் நாம் கேட்பது டாக்டரின் இரக்கத்தை மட்டுமன்று, ஏற்பாட்டை. கதவுள்ள ஓர் அறை. எந்நேரமும் அழைத்தால் வரக்கூடிய, பயிற்சி பெற்ற ஒரு பெண் டாக்டரும் ஒரு நர்ஸும். 28 நாள் மருந்தும் மாத்திரையும் தடுப்பூசியும் அவசரப் பிரிவிலேயே இரவும் பகலும் இருத்தல். தடயம் சேகரிக்கும் பெட்டி. "போலீஸ் கடிதம் தேவையில்லை, கட்டணம் இல்லை" என்று தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய பலகை. பரிசோதனை அறிக்கையின் பிரதியை இலவசமாக அவள் கையில் கொடுத்தல். இவை ஆறும் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பணமில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரையில் 48 நாட்கள் இதே சின்ன காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் சேவை நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடி பேர் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்நாட்களில் வைத்திய முகாம்களும் ஆம்புலன்ஸ்களும் ஆயிரக்கணக்கான சிப்பந்திகளும் எங்கிருந்து வந்தார்கள்? வேண்டுமென்று நினைத்தபோது சர்க்காரும் ஜனங்களும் சேர்ந்து ஓர் ஊரையே நிர்வகித்தார்கள். அந்தச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓர் அறைக்குப் போதும். வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளுகிறார்; இவ்வறையோ ஒவ்வோர் இரவும் திறந்திருக்க வேண்டும்.

அவள் பெயரும் காக்கப்படவேண்டும். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில், அவளை அடையாளங் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியாகிவிட்டது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு தரும்படி ஹைக்கோர்ட் சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வார்டுப் பேச்சிலும் இதே கசிவு நேரலாம். பத்திரிகைகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு: தெருவின் பெயரையும் தொழிலையும் அச்சிட்டால், நெசவாளர் ஊரில் பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொன்னதாகிவிடும்.

முடிவாக, இதைப் படிக்கும் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் இத்தகைய செய்தி வந்தால், பெரியவர்களைக் கூட்டி ராஜி பேசுவது உங்கள் வேலையன்று. குற்றவாளிக்கே அவளை மணமுடித்துவைப்பது தர்மமுமன்று. ஒரு வண்டி பிடியுங்கள். அவள் நம்பும் ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புங்கள். "போலீஸ் கடிதம்" என்று யாராவது கேட்டால் 397-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை வயது வந்த பெண் தானே தீர்மானிக்கட்டும். போலீஸுக்குத் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் கடமை. வழக்கு வேண்டாமென்று அவள் சொன்னால் அதை எழுதிக்கொண்டு சிகிச்சையைத் தொடரவேண்டும் என்பதே விதிமுறை. தேசத் தொண்டர்கள் ஒரு நாள் குழுவாகச் சென்று, தலைமை வைத்தியசாலையின் அதிகாரியை மரியாதையுடன் கண்டு, மேற்சொன்ன ஆறும் இருக்கின்றனவா என்று கேட்டு வருவார்களாக. இருந்தால் அச்செய்தியை வீடுதோறும் பெண்களுக்குத் தெரிவியுங்கள். இல்லையெனில் கலெக்டருக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் எழுதுங்கள். கிடைக்கும் வரையில் எழுதுங்கள். காஞ்சியில் இது நடந்தால் மற்ற ஜில்லாக்களும் பின்பற்றுமென்பதே நம் நம்பிக்கை.